கயிறு போகும் வழி

மண்ணைத் தோண்டி இறங்கிய அந்தக் கிடங்கில் கம்சிகா முதலில் பழகியது கையைக் கட்டிக்கொண்டு நிற்பதைத்தான்.

"எலும்பைக் கண்ட உடனை எடுக்கச் சொல்லிக் கை உன்னும். எடுக்கக் கூடாது," என்று டொக்டர் சயந்தினி சொல்லியிருந்தார். "கிடக்கிற இடத்திலை கிடக்கும்வரைக்கும்தான் அது கதைக்கும். தூக்கிப்போட்டால் வாயை மூடிப்போடும். அதுக்குப் பிறகு நீர் என்னதான் கேட்டாலும் அது வெறும் எலும்பு."

கம்சிகா கொழும்பில் தடயவியல் படித்துக்கொண்டிருந்தாள். கடைசி வருடத்தில் எல்லாரும் எங்காவது பயிற்சிக்குப் போக வேண்டும். கூடப் படித்தவர்கள் குளிரூட்டிய ஆய்வுகூடங்களில் கைரேகையும் போலி நோட்டும் பார்த்துக்கொண்டிருக்க, அவள் கேட்டு வாங்கிக்கொண்டு தீவுக்கு வந்தாள். புளியங்கூடலிலிருந்து ஊர்காவற்றுறைக்குப் போகிற வழியில், கடற்கரையை ஒட்டிய ஒரு காணி. வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் வீடு கட்ட அத்திவாரம் வெட்டினார். இயந்திரத்தின் வாளியில் மண்ணோடு சேர்ந்து ஒரு தொடை எலும்பு வந்தது. வேலை நின்றது. நீதிமன்றம் தோண்டச் சொல்லிக் கட்டளையிட்டது. சட்ட வைத்திய அதிகாரியாகிய சயந்தினி பொறுப்பெடுத்தார். காணியைச் சுற்றித் தகர வேலி அடித்து, உள்ளே முளையடித்து நூல் கட்டி, நிலத்தைச் சதுரம் சதுரமாகப் பிரித்து, இயந்திரம் தொட்ட சதுரத்தில் முதலில் இறங்கினார்கள்.

வேலி அடித்த அன்றே வெளியில் சனம் வந்து நின்றது. தொண்ணூறாம் ஆண்டிலே காணாமல் போனவர்களின் வீட்டுச் சனம். பெரும்பாலும் பெண்கள். தகரத்தில் ஆணி அடித்த துளை எங்கே இருக்கிறதென்று பார்த்து, அதில் கண்ணை வைத்துக்கொண்டு நிற்பார்கள்.

அந்தப் பெண்களில் ஒருத்தி கம்சிகாவின் பெரியம்மா மீனலோசனி.

இதைக் கம்சிகா மறைக்கவில்லை. வந்த அன்றே டொக்டரிடம் சொன்னாள். தாய் தகப்பன் மடத்துவெளியில், தான் தங்கப்போவது புளியங்கூடலில் பெரியம்மா வீட்டில், பெரியப்பா பரராசசிங்கம் தொண்ணூறில் போனவர், திரும்பி வரவில்லை. டொக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தீவிலை ஆரையும் இழக்காத வீட்டுப் பிள்ளை ஒண்டு வேணும் எண்டால் எனக்கு உதவிக்கு ஆளே கிடையாது. ஆனால் ஒரு நிபந்தனை. கிடங்கிலை கண்டது வீட்டுக்குப் போகக் கூடாது. வீட்டிலை கேட்டது கிடங்குக்கு வரக் கூடாது. நாங்கள் கண்டதைச் சொல்லிப்போட்டு ஒரு ஆளிட்டை நினைவு கேட்டால், அந்த ஆள் நாங்கள் சொன்னதைத்தான் திருப்பிச் சொல்லும். பொய் சொல்லுறதில்லை. ஆசை அப்பிடி."

"ஓம் டொக்டர்."

"ஓம் எண்டு சொல்லுறது லேசு," என்றார் சயந்தினி.

லேசில்லைத்தான். பெரியம்மா வாயைத் திறந்து கெஞ்சுகிற ஆள் இல்லை. முப்பத்தைந்து வருடமாக நெற்றியில் பொட்டு அழியாமல் இருக்கிறாள். கலியாண வீட்டுக்குச் சிவப்புச் சேலை உடுத்துப்போய் முன்வரிசைக் கதிரையில் உட்காருவாள். ஒருமுறை காணாமல் போனோர் அலுவலகத்திலிருந்து வந்தவர்கள், மரணச் சான்றிதழ் எடுத்தால் உதவிப்பணம் கிடைக்கும் என்று விளங்கப்படுத்தினார்கள். "செத்ததைக் கண்டவன் ஆர்? முதலிலை அவனைக் கூட்டிக்கொண்டு வந்து கையெழுத்து வைக்கச் சொல்லுங்கோ, பிறகு நான் வைக்கிறன்," என்று சொல்லித் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டாள். பெரியப்பா போனது மாட்டை அவிழ்த்துவிட. ஆமி வருகிறதென்று ஊரே வெளிக்கிட்டு ஓடிய நாளில், பாதி வழியில், வீட்டில் கட்டையில் கட்டியிருந்த மாடு நினைவுக்கு வந்து திரும்பிப் போனார். மாடு பிறகு தானாக வந்து சேர்ந்தது. கழுத்திலே கயிறு இல்லை. யாரோ அவிழ்த்திருக்கிறார்கள் என்பது மட்டும் பெரியம்மாவுக்குத் தெரியும்.

பின்னேரம் கம்சிகா சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தால், குசினியில் சாப்பாடு மூடியிருக்கும்.

"கிடங்கு எவ்வளவு ஆழம் போட்டுது?" என்பாள் பெரியம்மா, மற்றப் பக்கம் பார்த்தபடி.

"சொல்லக் கூடாது பெரியம்மா."

"ஆழத்தையுமோ?"

"ஓம்."

"நல்ல படிப்பு. கிணறு வெட்டுறவனிட்டைக் கேட்டால் அவனாவது சொல்லுவான்." குழம்பை ஊற்றுவாள். "மீன் கிடக்கு, போட்டுச் சாப்பிடு. அதையாவது சொல்லலாமோ, என்ன மீன் எண்டு?"

இருவரும் சிரிப்பார்கள். அதற்குமேல் பெரியம்மா கேட்கமாட்டாள்.

சதுரத்துக்குள் ஒரு ஆள் மல்லாக்கக் கிடந்தார். ஆண், இளவயது என்று டொக்டர் மண்டையோட்டையும் பல்லையும் பார்த்துச் சொன்னார். சிப்பியும் சுண்ணாம்புக் கல்லும் கலந்த மண் எலும்பைப் பிடித்து வைத்திருந்தது. துணி ஒன்றும் மிஞ்சவில்லை. மூங்கில் குச்சியால் மண்ணை இளக்கித் தூரிகையால் தள்ளித் தள்ளிக் கம்சிகா இடுப்புப் பக்கமாக வந்தபோது, பச்சைக் களிம்பு பிடித்த ஒரு வட்டம் தெரிந்தது. ஒரு சின்னக் காசளவு. அதன் காதிலிருந்து கறுத்த நூல் ஒன்று புறப்பட்டு மண்ணுக்குள் போனது.

கையைக் கட்டிக்கொண்டு எழும்பி நின்றாள்.

வசீகரன் வந்து குனிந்தான். அவன் தொல்லியல் படித்தவன், யாழ்ப்பாணப் பட்டினத்துப் பிள்ளை. இப்படிப்பட்ட இடங்கள் பலவற்றில் நின்றவன். டொக்டர் இல்லாத நேரத்தில் கிடங்குக்கு அவன்தான் பொறுப்பு. வாயால் மெல்ல ஊதிப் பார்த்தான். குழந்தையைக் கையில் ஏந்திய துறவியின் உருவம் மங்கலாய்த் தெரிந்தது.

"அந்தோனியார்," என்றான். "அப்ப இது வேதக்கார ஆள்."

டொக்டர் வேறொரு வழக்குக்குச் சாட்சி சொல்ல யாழ்ப்பாணத்துக்குப் போயிருந்த நேரம் அது. படம் எடுத்தார்கள். அளந்து எழுதினார்கள். அத்தோடு விட்டிருக்கலாம்.

வசீகரன் கெட்டவன் அல்ல. அதுதான் வினையாய்ப் போனது. வேலிக்கு வெளியே கிறேசம்மா என்று ஒரு மனுசி, நெடுந்தீவிலிருந்து காலைப் படகில் குறிகட்டுவானுக்கு வந்து, அங்கிருந்து பஸ் ஏறி, ஒவ்வொரு நாளும் வந்து நிற்பாள். தம்பி அருளப்பு கருவாட்டுச் சிப்பத்தோடு ஊர்காவற்றுறைக்கு வந்தவன், திரும்பவில்லை. அன்றைக்கு வெயில் தாங்காமல் அவள் தகரத்தில் சாய்ந்து இருந்துவிட, தண்ணீர்ப் போத்தலோடு போன வசீகரன் மனம் பொறுக்காமல் சொல்லிவிட்டான்.

"அம்மா, ஒரு அந்தோனியார் பதக்கம் கிடக்கு."

கிறேசம்மா தண்ணீரைக் குடிக்கவில்லை. "என்ர தம்பிக்கு அந்தோனியார் இருந்தவர்," என்றாள். "கழுத்திலை. அம்மா போட்டுவிட்டவ."

அடுத்த நாள் அவள் வெள்ளைத் துப்பட்டி ஒன்றை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வந்தாள். நெடுந்தீவில் கோயிலிலே பூசைக்குச் சொல்லியாயிற்று, தாயின் குழிக்குப் பக்கத்திலேயே இடம் பார்த்தாயிற்று. சனம் அவளைப் பிடித்துக்கொண்டு அழுதது. முப்பத்தைந்து வருடத்தில் ஒருத்திக்காவது கிடைத்ததே என்று அழுகை. மேலிடத்திலிருந்தும் தொலைபேசி வந்தது. உறவினர் அடையாளம் காட்டிவிட்டார், மரபணுச் சோதனைக்கு அனுப்பினால் பதில் வர வருடக்கணக்காகும், காற்று வாடைக்கு மாறிவிட்டது, மழை தொடங்கப் போகிறது. அந்த ஆளை எடுத்துக் கொடுத்துவிட்டு, டொக்டரின் ஒப்புதலையும் வாங்கிக்கொண்டு, கிடங்கை மூடலாம். காணிக்காரர் சீமெந்து இறக்கி வைத்திருக்கிறார். மற்றச் சதுரங்களைத் தோண்ட ஒரு காரணமும் இல்லை.

கம்சிகா கேட்டுக்கொண்டு நின்றாள். அவளுக்குத் தம்பி நிலக்ஷனின் நினைவு வந்தது.

நிலக்ஷன் பால்குடி வயதில் வலிப்பு வந்து நீலம் பாய்ந்து போனவன். வைரவருக்கு நேர்ந்தார்கள், முருகனுக்கு நேர்ந்தார்கள், கடைசியில் தாய் அவனைத் தூக்கிக்கொண்டு அந்தோனியாரிடம் போனாள். தீவிலே இது புதினம் அல்ல. கடலைக் கடக்கிற வீடுகளில் அந்தோனியாருக்கும் ஒரு பங்கு உண்டு. பிள்ளை பிழைத்தது, பதக்கம் வந்தது. ஆனால் கழுத்தில் கட்ட முடியாது. பையன் வளர்ந்தால் கோயிலுக்குச் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வெறும் மார்பில் அந்தோனியார் தொங்கினால் ஐயர் பார்ப்பார், மாமன்மார் பார்ப்பார்கள். அதனால் அரைஞாண் கயிற்றில் கோத்து இடுப்பில் கட்டி, வேட்டிக்குள் மறைத்துவிடுவார்கள். கிணற்றடியில் தம்பியைக் குளிக்க வார்க்கும்போது அந்தோனியார் ஈர வயிற்றில் ஒட்டிக்கொண்டு இருப்பார். "சாமி குளிக்கிறார்," என்று அவன் சொல்லுவான்.

அவள் வசீகரனிடம் போனாள்.

"அண்ணை, பதக்கம் இடுப்பிலை கிடக்கு."

"கண்டனான்தானே."

"வேதக்காரர் கழுத்திலை போடுவினம். இடுப்பிலை கட்டுறது சைவ ஆக்கள்." தம்பியின் கதையைச் சொன்னாள்.

வசீகரன் பொறுமையாகக் கேட்டான். "கம்சிகா, உடம்பு அழியேக்கை எல்லாம் இடம் மாறும். நண்டு இழுக்கும், தண்ணி இழுக்கும். கழுத்திலை கிடந்தது சரிஞ்சு கீழை வந்திருக்கும். இது உமக்குப் படிப்பிக்கேல்லையோ?"

"படிப்பிச்சவை. அதாலைதான் கயிறு எங்கை போகுது எண்டு பாக்க வேணும் எண்டு சொல்லுறன். எலும்பை ஒவ்வொண்டா எடுத்தால் தெரியும்."

"அதுக்கு ரெண்டு நாள் வேணும். மழை நிக்குமோ? பதக்கத்தைப் பிடிச்சு மெல்ல இழுத்தால் கயிறு வந்திடும். பையிலை போட்டுட்டு மற்றதை எடுப்பம்."

"இழுத்தால் வந்திடும் அண்ணை. அதுதான் எனக்குப் பயம்."

வடக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. வேலிக்கு வெளியே கிறேசம்மாவின் செபமாலை கேட்டது. பெண்கள் சேர்ந்து மறுமொழி சொன்னார்கள், சைவப் பெண்களும்தான். வசீகரன் கையுறையைப் போட்டுக்கொண்டு கிடங்குக்குள் இறங்கினான்.

கம்சிகா அவனுக்கு முன்னே இறங்கிவிட்டாள். மண் அள்ளுகிற இரும்புத் தாச்சியை எடுத்து அந்த இடுப்பின்மேல், எலும்பில் முட்டாமல், பக்கத்துக்கு ஒரு கல் வைத்துக் கவிழ்த்தாள். அதற்குப் பக்கத்தில் சப்பாணி கட்டி இருந்தாள்.

"என்ன விளையாட்டு இது?"

"டொக்டர் வரட்டும்."

"டொக்டர் நாளைக்குத்தான் வருவா."

"நாளைக்கு எடுப்பம்."

"இஞ்சை பாரும். உம்மட பயிற்சி றிப்போட் எழுதுறதிலை என்ர பங்கும் இருக்கு. சொன்ன வேலையைச் செய்யாத பிள்ளை எண்டு எழுதட்டோ?"

"எழுதுங்கோ. இழுக்கமாட்டன் எண்டு சொன்னவள் எண்டும் சேர்த்து எழுதுங்கோ. ரெண்டும் உண்மைதானே."

வசீகரனின் முகம் சிவந்தது. குரலைத் தாழ்த்தினான். வேலிக்கு வெளியே கேட்கக் கூடாதென்று.

"எனக்கு விளங்காது எண்டு நினையாதையும். உம்மட பெரியப்பாவாய் இருக்குமோ எண்டு பாக்கிறீர். அதுக்காக அந்த மனுசியின்ரை கையிலை கிடைச்ச பிரேதத்தைப் பறிக்கிறீர்."

அது பொய் என்று சொல்லக் கம்சிகாவுக்கு வாய் வரவில்லை. அந்தக் கறுத்த நூலைக் கண்ட நிமிடத்திலிருந்து அந்த எண்ணம் அவளுக்குள் இருந்தது. வீட்டுக்குப் போய், குசினி வாசலில் நின்று, பெரியப்பா இடுப்பிலே என்ன கட்டியிருந்தவர் என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். கேட்டால் பெரியம்மா ஓம் என்று சொல்லக்கூடும். ஆசை அப்படி. முந்தின நாள் பின்னேரம் அந்தக் கேள்வியைச் சோற்றோடு சேர்த்து விழுங்கிவிட்டுத்தான் அவள் எழும்பினாள்.

"ஆரெண்டு எனக்குத் தெரியாது அண்ணை," என்றாள் கடைசியில். "உங்களுக்கும் தெரியாது. தெரிஞ்ச ஆள் இந்தத் தாச்சிக்குக் கீழை கிடக்கிறார். அவரைக் கேளாமல் அவரை ஆருக்கும் குடுக்க ஏலாது."

முதல் துளி தாச்சியில் விழுந்து டங்கென்றது. பிறகு மழை ஒரே மூச்சாகக் கொட்டியது. வேலியடியில் சனம் ஓடிப்போய்ப் பஸ் தரிப்பில் ஒதுங்கியது. கம்சிகா கிடங்கை மூடுகிற தறப்பாளின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தாள். அது காற்றில் படகுப் பாய் மாதிரி அடித்தது. ஒரு முனையைக் காலால் மிதித்து, ஒன்றைக் கையால் பிடித்து, மற்ற இரண்டும் கைக்கு எட்டாமல் நனைந்துகொண்டு இருந்தவளை வசீகரன் மேலே நின்று பார்த்தான். ஏதோ முணுமுணுத்தான். பிறகு இறங்கி வந்து மற்றப் பக்கத்து முனைகளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"விசர்ப் பிள்ளை," என்றான். "கல்லைத் தூக்கி இஞ்சாலை வையும். தண்ணி உள்ளுக்கை ஓடுது."

மழை ஓயும்வரை இருவரும் முனைகளை விடவில்லை.

மறுநாள் காலை டொக்டர் சயந்தினி வந்தார். நடந்ததை வசீகரனே சொன்னான், தான் வாய் தவறிச் சொன்னதையும் சேர்த்து. டொக்டர் அவனை ஏசவில்லை. கிறேசம்மாவை உள்ளே கூப்பிட்டு, கிடங்கின் விளிம்பில் ஒரு கதிரை போட்டு இருத்தச் சொன்னார்.

"அம்மா, பாருங்கோ. நாங்கள் செய்யிறதை உங்கட கண்ணாலை பாருங்கோ."

மிஞ்சியிருந்த கால் எலும்புகள் முதலில் வந்தன. பிறகு வலப்பக்க இடுப்பெலும்பு. பிறகு இடப்பக்கம். ஒவ்வொன்றையும் எடுக்குமுன் படம் எடுத்தார்கள். பதக்கத்தை யாரும் தொடவில்லை. நடுவிலே முதுகெலும்பின் அடித்துண்டு மட்டும் மண்ணில் இருந்தது. அதைச் சுற்றி மண்ணை எடுக்கப் பின்னேரமாகிவிட்டது. டொக்டர் இரண்டு கையாலும் அதைத் தூக்கினார்.

கீழே, ஈரமண்ணில் பதிந்தபடி, கறுத்த நைலோன் கயிறு வளைந்து கிடந்தது. வலப்பக்கத்தால் போய், எலும்பிருந்த இடத்துக்கு அடியால் சுற்றி, இடப்பக்கத்தால் வந்து பதக்கத்தின் காதில் முடிந்திருந்தது. முடிச்சு அவிழவில்லை.

"கம்சிகா," என்றார் டொக்டர். "என்ன தெரியுது? தெரியிறதை மட்டும் சொல்லும்."

"கயிறு இடுப்பைச் சுத்திப் போகுது. முதுகுக்குக் கீழாலை. முடிச்சு அப்பிடியே இருக்கு. கழுத்திலை கிடந்தது சரிஞ்சு வந்திருந்தால் முன்பக்கம்தான் விழுந்திருக்கும். மல்லாக்கக் கிடக்கிற ஆளின்ரை முதுகுக்குக் கீழை போய்ச் சுத்தி நிக்க ஏலாது." அவள் விரலால் தொடாமல் காட்டினாள். "இது இடுப்பிலை கட்டினது."

"வேறை?"

"வேறை ஒண்டும் தெரியாது."

கிறேசம்மா கதிரையிலிருந்து எழும்பினாள். கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள்.

"நீ ஆற்றை பிள்ளை?"

"மடத்துவெளி, அம்மா. புளியங்கூடல் மீனலோசனியின்ரை பெறாமகள்."

"அந்தச் சிவப்புச் சேலைக்காரியின்ரையோ." கிறேசம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "முப்பத்தைஞ்சு வரியம். நான் என்ர தம்பியைக் கொண்டுபோக வந்தனான். குழி வெட்டியாச்சு. நீ ஒரு நூலைக் காட்டி இல்லையெண்டு சொல்லுறாய். அப்ப என்ர தம்பி எங்கை?"

"தெரியாது அம்மா."

"தெரியாது எண்டு சொல்லவோ இவ்வளவு படிச்சனி?"

கம்சிகாவின் கண் கலங்கியது. ஆனால் தலையைக் குனியவில்லை.

"ஓம் அம்மா. தெரியாததைத் தெரியும் எண்டு சொல்லி உங்கட அம்மாவுக்குப் பக்கத்திலை வேறை ஆரையும் படுக்க வைக்க எனக்கு ஏலாது. அந்த ஆளையும் தேடி ஒரு சனம் எங்கையோ இருக்கும்."

கிறேசம்மா கிடங்கின் விளிம்பில் குந்தினாள். கயிற்றை வெகுநேரம் பார்த்தாள். உதடு துடித்தது. அழுகிறாளாக்கும் என்று டொக்டர் கையை நீட்டினார். அவள் அழவில்லை. கோபத்தில் நடுங்கினாள்.

"இடுப்பிலை," என்றாள். "எங்கட ஆக்கள் அந்தோனியாரை இடுப்பிலை கட்டாயினம். அது அவருக்கு மரியாதை இல்லை. என்ர அம்மா உயிரோடை இருந்திருந்தால் கையை முறிச்சிருப்பா." வசீகரனைத் திரும்பிப் பார்த்தாள். "தம்பி, நீ எனக்குக் கழுத்தோ இடுப்போ எண்டு சொல்லேல்லை. சொல்லியிருந்தால் அண்டைக்கே நான் பேசாமல் போயிருப்பன். இல்லாட்டி, இடுப்பிலைதான் எண்டு சொல்லியிருப்பனோ, ஆருக்குத் தெரியும்."

வசீகரன் கையுறையைக் கழற்றினான்.

அவள் கைப்பையைத் திறந்து துப்பட்டியை எடுத்தாள். மடிப்புக் குலையாமல் அது அவள் கையில் இருந்தது.

"இதைத் திருப்பிக் கொண்டுபோக மாட்டன். போர்த்திவிடு. ஆர் பெத்த பிள்ளையோ."

"எலும்பிலை துணி படக் கூடாது அம்மா," என்றார் டொக்டர் மெல்ல. "பெட்டிக்கு மேலை போடுவம்."

"மேலை எண்டாலும் போடு."

அதன் பிறகு டொக்டர், வேலிக்கு வெளியே இருந்தவர்களை ஒவ்வொருவராகத் தறப்பாள் கூடாரத்துக்குள் கூப்பிட்டு, காணாமல் போனவர் அன்றைக்கு என்ன உடுத்திருந்தார், உடம்பிலே என்ன இருந்தது என்று கேட்டார். பதக்கம் வெளியே தெரிந்துவிட்டது; அது உடம்பில் எங்கே கிடந்ததென்று மட்டும் அவர் சொல்லவில்லை. கிறேசம்மாவும் வாய் திறக்கக் கூடாதென்று கேட்டுக்கொள்ளப்பட்டாள். மீனலோசனியின் முறை வந்தபோது கம்சிகாவைத் தூரப் போகச் சொன்னார்கள். அவள் அரிதட்டடியில் போய் நின்று மண்ணை அரித்தாள். ஆனால் பெரியம்மாவின் குரல் தறப்பாளுக்குக் கட்டுப்படுகிற குரல் இல்லை.

"நீலச் சாரம். வெள்ளை பெனியன், தோளிலை கிழிசல், நான் தைச்சது. கையிலை மணிக்கூடு, கண்ணாடி வெடிச்சது."

டொக்டர் ஏதோ கேட்டார்.

"நூலோ? கயிறோ? எங்கட மனுசனோ?" பெரியம்மா சிரித்தாள். "அது கோயில் வாசலிலை நிண்டு பேப்பர் வாசிக்கிற மனுசன். கலியாணத்துக்கே ஐயர் வேண்டாம் எண்டு நிண்டது. அரைஞாண் கட்டினால் கொம்பு முளைக்கும் எண்டு பகிடி பண்ணும். பதக்கமும் இல்லை, தாயத்தும் இல்லை, ஒண்டும் இல்லை. ஏன் கேக்கிறியள்?"

கம்சிகாவின் கையில் அரிதட்டு நின்றுவிட்டது. மண் தானாக உதிர்ந்துகொண்டிருந்தது. பெரியப்பா இல்லை. தன் கையால் ஒருத்தியிடமிருந்து எடுத்தது தன் வீட்டுக்கும் வரப்போவதில்லை. பிறகு அடுத்த தாச்சி மண்ணைக் கொட்டி அரிக்கத் தொடங்கினாள்.

அன்றைக்கே டொக்டர் மேலிடத்துக்குப் பேசினார். சத்தமில்லாமல்தான் பேசினார், ஆனால் எல்லாருக்கும் கேட்டது. "இல்லை. அடையாளம் காணேல்லை. பெயரில்லாத ஆள் ஒருத்தர் இருக்கேக்கை கிடங்கை மூட ஏலாது. மற்றச் சதுரங்களும் திறக்க வேணும். மழை எண்டால் கூரை போடுவம்... ஓம், நீதிமன்றத்திலையும் இதைத்தான் சொல்லுவன்."

நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. கூரைக்குத் தகரம் வந்தது. காணிக்காரர் வந்து சீமெந்து இறுகிப் போகிறதென்று கத்திவிட்டுப் போனார்.

கிறேசம்மா நெடுந்தீவுக்குப் போய், வெட்டிய குழியை மூட வேண்டாம், பலகை போட்டு வையுங்கள் என்று சொல்லிவிட்டு, அடுத்த படகிலேயே திரும்பி வந்தாள். வேலியடியில் மீனலோசனி ஓலைப் பாயை விரித்து இருந்தாள். கிறேசம்மா அதில் பாதியில் கேளாமலே இருந்தாள். காவலுக்கு நின்ற உத்தியோகத்தர் வந்தார்.

"அம்மாமார், மழை வருது. ஏன் இஞ்சை இருக்கிறியள்? ஏதும் கிடைச்சால் அறிவிப்பினம். ஊருக்குப் போங்கோ."

"நாங்கள் ஊரிலைதான் இருக்கிறம்," என்றாள் மீனலோசனி. "நீர் எந்த ஊர், தம்பி?"

அவர் திரும்பிப் போய்விட்டார். கிறேசம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"உங்கடையும் இல்லையாமே, அக்கா?"

"இல்லை. எங்கட ஆள் கயிறு கட்டாது."

"அப்ப அது ஆற்றை?"

"ஆரோ ஒருத்தியின்ரை. அவளும் கேள்விப்பட்டு வருவாள். வந்து இருக்கட்டும்." மீனலோசனி பாயில் இன்னும் கொஞ்சம் நகர்ந்து இருந்தாள்.

அவள் தகரத்தின் துளையில் கண்ணை வைத்தாள். உள்ளே அடுத்த சதுரத்துக்கு முளை அடித்துக்கொண்டிருந்தார்கள். வசீகரன் ஒரு முனையில் நூலைப் பிடிக்க, கம்சிகா மற்ற முனையில் குந்தியிருந்து முடிச்சுப் போட்டாள்.

"பிள்ளை," என்று வேலிக்கு வெளியிலிருந்து குரல் வந்தது. "உன்ர பக்கம் நூல் தளர்ந்து கிடக்கு. இறுக்கிக் கட்டு."

கம்சிகா நிமிர்ந்து பார்க்கவில்லை. முடிச்சை அவிழ்த்து, நூலை இழுத்து, மறுபடி கட்டினாள்.